ஆகாயப் பங்கீட்டின் தர்மம்

2024 நவம்பர் 19 ஆம் தேதி அமெரிக்காவின் கேப் கனாவெரல் ஏவுதளத்திலிருந்து பால்கன் 9 ராக்கெட்டின் மூலம் விண்ணில் செலுத்தப்பட்ட ஜிசாட்-என்2 என்னும் இந்தியச் செயற்கைக்கோள், 4,700 கிலோ எடையுள்ளது என்பதும், விநாடிக்கு 48 கிகாபிட் தகவலைச் சுமக்க வல்லது என்பதும் நம்மில் பலர் பத்திரிகைகளில் படித்த செய்திகளே. ஆனால் அதன் அமைப்பில் அடங்கியுள்ள வேறொரு விவரம் அவ்விரண்டைக் காட்டிலும் சிந்தனைக்கு உரியதாகும். பூமியை நோக்கி அது விரிக்கும் 32 கதிர்களில் எட்டுக் கதிர்கள் மிகக் குறுகியவை. அந்த எட்டும் வடகிழக்கு மாநிலங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. எஞ்சிய 24 அகன்ற கதிர்கள் பாரத தேசத்தின் மற்றப் பிரதேசங்கள் அனைத்தையும் தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன.

2011 ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கின்படி, இந்தியாவில் வாழ்வோருள் நூற்றுக்கு நால்வருக்கும் குறைவானவர்களே வடகிழக்கு மாநிலங்களில் வசிக்கிறார்கள். அவர்களுக்குக் கதிர்களில் நாலில் ஒரு பங்கு கிடைத்திருக்கிறது. கதிர் குறுகக் குறுக அதன் சக்தி ஒருமுகப்படும் என்பதையும், இந்தச் செயற்கைக்கோள் பயன்படுத்தும் கேஏ வரிசை அலைகள் கனமழையில் பெரிதும் நலிந்துபோகும் என்பதையும், மௌசின்ராமும் சிரபுஞ்சியும் இருப்பது அந்தப் பிரதேசத்திலேயே என்பதையும் சேர்த்து நோக்கும்போது, இந்த ஒதுக்கீடு எவ்வளவு பொருத்தமானது என்பது விளங்கும். மலையும் காடும் குறுக்கிடுவதால் கம்பி வழியாகவோ கண்ணாடி இழை வழியாகவோ தொடர்பு எளிதில் எட்டாத ஜனங்களுக்கு ஆகாய வழியாவது தாராளமாகத் திறந்திருக்க வேண்டும் என்ற தீர்மானமே அந்த ஆன்டெனாவின் வடிவத்தில் பொதிந்து நிற்கிறது. லாபக் கணக்கு மட்டும் பார்த்திருந்தால் குறுகிய கதிர்கள் டில்லியையும் மும்பையையும் பெங்களூரையும் நோக்கித் திரும்பியிருக்கும்.

இவ்வாறு பங்கிட்டவர்கள் மனிதர்கள். பங்கீடு சரியில்லை என்று தோன்றினால் அவர்களை நாம் கேள்வி கேட்கலாம். ஆனால் இனி வரவிருக்கும் செயற்கைக்கோள்களில் பங்கிடும் பொறுப்பு மெல்ல மெல்ல வேறொரு கைக்கு மாறிக்கொண்டிருக்கிறது. கதிர்களை விரும்பிய திசையில் விரும்பிய கணத்தில் திருப்பக்கூடிய ஆன்டெனா அணிகளும், எப்போது எங்கே திருப்புவது என்பதை அனுபவத்தால் தாமே கற்றுக்கொள்ளும் கணினி நெறிகளும் ஒன்றுசேர்ந்து, ஆகாயத்தின் செல்வத்தை நொடிக்கு நொடி பங்கிடத் தொடங்கியிருக்கின்றன. விஞ்ஞானத்தின் இந்த வெற்றியை நான் மனமார வரவேற்கிறேன். வரவேற்கும்போதே, அந்த இயந்திரத்துக்கு எதை நாடும்படி கற்பிப்பது என்ற தீர்மானத்தை வியாபார நிறுவனங்களின் விருப்பத்துக்கு விட்டுவிடலாகாது என்றும், அது உரிமப் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டிய பொது விஷயம் என்றும் வற்புறுத்துவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

பழைய முறையின் குறை எது என்பதை முதலில் பார்ப்போம். பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் ஒரு செயற்கைக்கோளிலிருந்து அரை டிகிரி அகலமுள்ள கதிர் ஒன்று புறப்பட்டால், அது நேர்கீழே தரையைத் தொடும் இடத்தில் சுமார் 310 கிலோமீட்டர் குறுக்களவுள்ள வட்டமாக விரிந்திருக்கும். அந்த வட்டம் எங்கே விழ வேண்டும், அதற்கு எவ்வளவு சக்தி, எவ்வளவு அலைவரிசை என்பவையெல்லாம் செயற்கைக்கோளைக் கட்டும்போதே நிச்சயிக்கப்பட்டுவிடும். பிறகு அது பதினான்கு பதினைந்து ஆண்டுகள் அப்படியேதான் உழைக்க வேண்டும். பூமியில் மனிதர்களுடைய தேவையோ அப்படி நிலைத்து நிற்பதில்லை. அந்தமான் தீவுகள் நெடுங்காலம் செயற்கைக்கோளையே நம்பியிருந்தன. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பிவடம் அங்கே சென்று சேர்ந்ததும் அந்த நிலைமை ஒரே நாளில் மாறிற்று. 2024 ஜனவரியில் கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்கும் அத்தகைய வடம் கிடைத்தது. ஒரு பிரதேசத்தின் தேவை இப்படிக் குறைந்த பின்னும், அதை நோக்கிக் கட்டப்பட்ட கதிரை வேறு திசைக்குத் திருப்பப் பழைய செயற்கைக்கோளில் வழி கிடையாது. ஓரிடத்தில் வசதி வீணாய்க் கிடக்க, மற்றோரிடத்தில் நெரிசலால் ஜனங்கள் அவதியுற, இரண்டுக்கும் நடுவே செயற்கைக்கோள் ஏதும் செய்ய இயலாமல் நின்றது.

இந்த இயலாமையை நீக்கியது ஆன்டெனா அணி. அதன் தத்துவம் புதியதன்று. மார்க்கோனியுடன் 1909 ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜெர்மானிய விஞ்ஞானி கார்ல் பெர்டினாண்ட் பிரவுன், 1905 ஆம் ஆண்டிலேயே மூன்று ஆன்டெனாக்களை முக்கோணமாக நிறுத்தி, அவற்றுள் ஒன்றில் மட்டும் அலையைச் சற்றே தாமதப்படுத்தினால் மூன்றிலிருந்தும் புறப்படும் அலைகள் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட திசையை நோக்கியே வலுப்பெறும் என்பதைச் செய்து காட்டினார். அணிவகுத்து நடக்கும் காவலர் வரிசையில் ஒரு கோடியில் இருப்பவர் அடியைக் குறுக்கியும் மறு கோடியில் இருப்பவர் அடியை அகல வைத்தும் நடந்தால், எவரும் வரிசையை விட்டு விலகாமலே வரிசை முழுவதும் திசை திரும்பிவிடுவதைப் போல, சிறு சிறு ஆன்டெனாக்களின் கூட்டத்தில் ஒவ்வொன்றின் அலைக்கும் ஒவ்வொரு அளவு தாமதம் கொடுப்பதால் கதிர் திரும்புகிறது. அசையும் பாகம் எதுவும் அதில் இல்லை. திருகும் மோட்டாரும் சுழலும் தட்டும் செய்த வேலையை மின்சுற்றுகள் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் செய்து முடிக்கின்றன.

அந்த ஆன்டெனாக்களின் அளவு அலையின் நீளத்தைப் பொறுத்தது. 12 கிகாஹெர்ட்ஸ் அதிர்வுள்ள அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர்; அணியில் ஓர் ஆன்டெனாவுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏறக்குறைய அதில் பாதி, அதாவது ஒன்றேகால் சென்டிமீட்டர் இடைவெளி விடுவது வழக்கம். ஆகவே உணவு மேஜையில் வைக்கும் தட்டைவிடச் சற்றுப் பெரிய ஒரு பலகையிலேயே நூற்றுக்கணக்கான ஆன்டெனாக்களைப் பதித்துவிடலாம். ஸ்டார்லிங்க் நிறுவனம் வாடிக்கையாளர் வீட்டுக் கூரைமேல் வைக்கும் பலகைகள் இத்தகையவையே. சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் விரைந்து ஓடும் செயற்கைக்கோளை அவை தலையைத் திருப்பாமலே பின்தொடர்கின்றன. 2021 ஜூலை 30 ஆம் தேதி ஏவப்பட்ட யூடெல்சாட் குவாண்டம், மேலே சென்ற பின்னும் தன் எட்டுக் கதிர்களின் வடிவத்தையும் திசையையும் சக்தியையும் மாற்றியமைத்துக்கொள்ளக் கூடியது. சுமார் 8,000 கிலோமீட்டர் உயரத்தில் இயங்குவதற்காக எஸ்இஎஸ் நிறுவனம் 2022 டிசம்பர் முதல் ஏவிவரும் ஓ3பி எம்பவர் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான கதிர்களை உண்டாக்கும் ஆற்றல் படைத்தவை.

ஆனால் சுதந்திரம் மிகும்போது தீர்மானிக்கும் பாரமும் மிகுகிறது. ஒரு செயற்கைக்கோளுக்குக் கீழே 32 பிரதேசங்கள் உள்ளன என்றும், அதன் சக்தி ஒரே சமயத்தில் எட்டுப் பிரதேசங்களுக்கு மட்டுமே போதும் என்றும் வைத்துக்கொள்வோம். எந்த எட்டை இப்போது ஒளிரச் செய்வது, அடுத்த கணத்தில் எந்த எட்டுக்குத் தாவுவது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தத் தேர்வை ஒரு கோடியே ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வழிகளில் செய்யலாம். தேர்ந்த எட்டில் எதற்கு எவ்வளவு சக்தி, எந்த அலைவரிசை, பக்கத்துக் கதிருடன் மோதாதிருக்க என்ன ஏற்பாடு என்பவற்றையும் சேர்த்துக்கொண்டால், வழிகளின் தொகை கற்பனைக்கும் அடங்காது. இத்தனையும் விநாடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குள் தீர்மானமாக வேண்டும். கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருக்கும் நிபுணர் எவ்வளவு சமர்த்தராயினும் இது அவரால் ஆகக்கூடிய காரியமன்று. கணித சாஸ்திரத்தின் பழைய முறைகளும், மிகச் சிறந்த விடையைத் தேடிப் புறப்பட்டு, அது கிடைப்பதற்குள் காலம் கடந்துபோய்த் தவிக்கின்றன.

இந்த இடத்தில்தான் இயந்திரக் கற்றல் துணைக்கு வருகிறது. கற்கும் நெறி ஒன்றை, உண்மையான செயற்கைக்கோளைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு கணினிப் பாவனைக்குள் விட்டு, அது செய்யும் ஒவ்வொரு பங்கீட்டுக்கும் விளைவைப் பார்த்து மதிப்பெண் கொடுத்து வருவார்கள். நல்ல பங்கீட்டுக்கு உயர்ந்த மதிப்பெண், மோசமான பங்கீட்டுக்குத் தாழ்ந்த மதிப்பெண் என்று லட்சக்கணக்கான முறை கிடைக்கக் கிடைக்க, எந்த நிலைமையில் எப்படிப் பங்கிட்டால் மதிப்பெண் கூடும் என்பதை அது பழகிக்கொள்கிறது. பழகுவதற்குப் பல நாட்கள் பிடிக்கலாம். பழகிய பிறகு விடை சொல்வதற்கு ஒரு கணம் போதும். இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. சர்வதேச விண்வெளி நிலையத்தின் வெளிப்புறத்தில் 2012 முதல் 2019 வரை இயங்கிய நாசாவின் ஸ்கேன் சோதனைத் தளத்தில், வானொலித் தொடர்பின் அமைப்புகளைத் தானே தேர்ந்தெடுக்கக் கற்ற நெறியொன்று விண்வெளியிலிருந்து தரைக்கு வரும் உண்மையான அலையை வைத்தே பரீட்சிக்கப்பட்டது. சூழ்நிலைக்கு ஏற்பக் கதிர்களைத் தாவச் செய்யும் முறையும், மழை வரும்போது அலையின் வடிவத்தை மாற்றிக்கொள்ளும் முறையும் இன்றைய செயற்கைக்கோள் தொடர்பில் வழக்கத்துக்கு வந்துவிட்டன.

ஆகவே இதன் பிரயோஜனத்தைப் பற்றிச் சந்தேகமில்லை. இரவு வேளையில் அலுவலகங்கள் உறங்கும் நகரத்தின் மீது வீணாய்ப் பொழியும் சக்தியை, வங்கக் கடலின் மேல் பறந்து செல்லும் விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் கொடுக்கலாம். திருவிழாவுக்காக ஒரே ஊரில் லட்சம் ஜனங்கள் கூடும் நாளில் அந்த ஊருக்கு மட்டும் கூடுதல் கதிர் கொடுக்கலாம். மேகம் திரண்டு வரும் பிரதேசத்துக்கு மழை தொடங்குமுன்பே சக்தியை உயர்த்திவைக்கலாம். புதிதாக ஒரு செயற்கைக்கோளை ஏவாமலே, இருக்கும் செயற்கைக்கோளிலிருந்து கூடுதல் பயனைப் பெறும் மார்க்கம் இது. ஏழைத் தேசங்களுக்கு இதைக் காட்டிலும் உகந்த தொழில்நுட்பம் இருக்க முடியாது.

இனி நமது கேள்விக்கு வருவோம். மதிப்பெண் கொடுக்கிறார்கள் என்று சொன்னோமே, எதற்குக் கொடுக்கிறார்கள்? ஓர் எளிய கணக்கால் இதைப் பார்க்கலாம். ஒரு செயற்கைக்கோளிடம் பத்துப் பங்கு சக்தி இருக்கிறது. கீழே ஒரு நகரமும் ஒரு மலைப் பிரதேசமும் இருக்கின்றன. வானம் தெளிந்த நகரத்தில் ஒரு பங்கு சக்திக்குப் பத்து மெகாபிட் தகவல் செல்கிறது. மழையும் மூடுபனியும் சூழ்ந்த மலையில் அதே ஒரு பங்குக்கு நான்கு மெகாபிட்தான் செல்கிறது. மொத்தத் தகவல் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு மதிப்பெண் என்று விதித்துவிட்டால், பத்துப் பங்கையும் நகரத்துக்கே கொடுத்து, நூறு மெகாபிட் என்று இயந்திரம் மார்தட்டும், மலைக்குப் பூஜ்யம். இருவருக்கும் பாதிப் பாதி சக்தி கொடுத்தால் நகரத்துக்கு ஐம்பது, மலைக்கு இருபது, ஆக மொத்தம் எழுபது. இருவருக்கும் சமமான தகவல் கிடைக்க வேண்டும் என்று விதித்தால், சக்தியில் பத்துக்கு ஏழு பங்குக்கு மேல் மலைக்குச் சென்று, இருவருக்கும் தலைக்கு இருபத்தெட்டரை மெகாபிட் கிடைக்கும், மொத்தம் ஐம்பத்தேழு. மூன்று விடைகளும் கணித ரீதியில் பழுதற்றவையே. எது நியாயம் என்பதைக் கணிதம் சொல்லாது, இயந்திரமும் சொல்லாது. மதிப்பெண் விதியை எழுதியவருடைய மனத்தில் எது முக்கியமாக இருந்ததோ, அதையே இயந்திரம் எள்ளளவும் பிசகாமல் நிறைவேற்றும்.

இதோடு நின்றுவிடவில்லை. கற்கும் இயந்திரத்துக்கு உணவாவது கடந்த காலத்தின் கணக்கு. எந்தப் பிரதேசத்திலிருந்து எந்த நேரத்தில் எவ்வளவு கேட்டார்கள் என்ற பழைய விவரங்களை வைத்தே, நாளை எவ்வளவு கேட்பார்கள் என்பதை அது அனுமானிக்கிறது. இதுவரை தொடர்பே கிடைக்காத ஒரு மலைக் கிராமம் பழைய கணக்கில் எப்படி இடம்பெறும்? அங்கிருந்து கோரிக்கை எழவில்லை என்ற விவரத்தை, அங்கே தேவையே இல்லை என்று இயந்திரம் எடுத்துக்கொள்ளும். தேவையில்லை என்று கருதிக் கதிர் கொடாது. கதிர் இல்லாததால் கோரிக்கையும் எழாது. கோரிக்கை எழாததால் மறுபடியும் தேவையில்லை என்ற முடிவு உறுதிப்படும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்னும் பழமொழி தாய் வீட்டில் வேண்டுமானால் செல்லலாம். அழுவதற்குக் குரலே இல்லாத ஜனங்கள் விஷயத்தில் அதையே ராஜாங்க நியாயமாக்கிவிடலாகாது. அதுபோலவே, அபூர்வமாக நேரும் விபத்துக்களும் பழைய கணக்கில் இடம்பெறுவதில்லை. 2022 ஜனவரி 15 ஆம் தேதி எரிமலை வெடித்தபோது டோங்கா தீவு தேசத்தை வெளியுலகத்துடன் இணைத்த கடலடி வடம் அறுந்துபோயிற்று. அது சீராவதற்கு ஐந்து வாரங்களுக்கு மேல் ஆயிற்று. அதற்கு முந்தைய நாள்வரை வடத்தின் வழியே சென்றுகொண்டிருந்த ஒரு தேசத்தின் தேவை முழுவதும், மறுநாள் ஆகாயத்தை நோக்கித் திரும்பிற்று. நேற்றைய வழக்கத்தையே பயின்ற இயந்திரம் அத்தகைய நாளில் நல்ல விடை சொல்லும் என்று நம்பியிருக்க முடியாது.

மூன்றாவதாக, தகவலின் அளவும் அதன் மதிப்பும் ஒன்றல்ல என்பதை இயந்திரம் தானாக அறியாது. 2017 நவம்பர் 30 ஆம் தேதி ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலில் சீறியபோது, அதற்குப் பல நாட்கள் முன்பே விசைப்படகுகளில் ஆழ்கடலுக்குச் சென்றிருந்த தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை முதலிய ஊர்களின் மீனவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. படகிலுள்ள வயர்லெஸ் கருவி சில பத்து கிலோமீட்டர்களுக்கு மேல் பேசாது. கைப்பேசிக் கோபுரத்தின் எல்லையோ கரையைத் தாண்டியதும் தீர்ந்துவிடும். அன்று எத்தனை குடும்பங்கள் வாசலில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தன என்பதைத் தமிழ்நாடு மறந்துவிடவில்லை. ‘புயல் வருகிறது, கரைக்குத் திரும்பு’ என்ற செய்தி கணினியின் கணக்கில் நூறு பைட் அளவுக்குமேல் இராது. நகரத்தில் ஒருவர் பார்க்கும் சினிமாவின் ஒரே ஒரு விநாடி அதைவிடப் பல ஆயிரம் மடங்கு பெரியது. அளவை மட்டும் எண்ணும் இயந்திரத்துக்கு முதலாவது துச்சம், இரண்டாவது லாபம். அந்தப் புயலுக்குப் பிறகு, இருவழிச் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவிகளை இஸ்ரோ உருவாக்கிற்று; கடலோர மாநிலங்களில் ஒரு லட்சம் படகுகளுக்கு அவற்றைப் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசாங்கம் 2024 ஆகஸ்டில் தொடங்கி வைத்தது. அந்தக் கருவிகளுக்கு உரிய அலைவரிசையும் கதிரும் எந்தச் சந்தர்ப்பத்திலும் வேறு எவருக்கும் போகாது என்ற உத்தரவாதம் இருந்தால்தான் அத்திட்டம் முழுமை பெறும்.

ஆகாயத்தில் யாருக்கு முதல் இடம் என்ற கேள்விக்கு நமது தேசம் ஒருமுறை மிக உயர்ந்த விடை சொல்லியிருக்கிறது. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை இரவல் பெற்று, ஆந்திரம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டிய சைட் பரிசோதனையே அது. குடையைப் போல விரியும் ஒன்பது மீட்டர் ஆன்டெனா அந்தச் செயற்கைக்கோளில் இருந்தது. அவ்வளவு பெரிய ஆன்டெனா மேலே இருந்தபடியால்தான், கிராமத்தில் கம்பி வலையால் செய்த மூன்று மீட்டர் ஆன்டெனாவும் சாதாரணப் பெட்டியும் போதுமானவையாக இருந்தன. மேலே உள்ள ஆன்டெனாவை வலுப்படுத்தினால் கீழே உள்ள ஏழையின் செலவு குறையும் என்ற பாடத்தை இன்றைய ஆன்டெனா அணிகளும் நமக்குப் போதிக்கின்றன. அந்தக் காலத்தில் நகரங்களில் பெட்டி வைப்பது எளிது, விளம்பரத்துக்கும் உகந்தது. அப்படியிருந்தும் இந்திய விண்வெளித் திட்டத்தின் முன்னோடி விக்ரம் சாராபாய் கண்ட கனவும், அவர் 1971 இல் மறைந்த பிறகு அதை நிறைவேற்றியவர்களின் திடமும், பின்தங்கிய மாவட்டங்களின் கிராமங்களையே தேடிச் சென்றன. எந்தப் பழைய கணக்கும் அந்தக் கிராமங்களைப் பரிந்துரைத்திருக்காது. ஏனெனில், தொலைக்காட்சி வேண்டும் என்று அவற்றில் எதுவும் அதற்குமுன் கேட்டதில்லை.

இதற்கு மறுப்பாகச் சிலர் சொல்லக்கூடிய வாதங்களையும் கருதிப் பார்க்க வேண்டும். செயற்கைக்கோளைக் கட்டவும் ஏவவும் கோடிக்கணக்கில் பணம் போட்ட நிறுவனம் லாபம் பார்க்க வேண்டாமா என்பது முதல் வாதம். பார்க்க வேண்டியதுதான், லாபமில்லாத தொழில் நிலைக்காது, நிலைக்காத தொழிலால் மலைக் கிராமத்துக்கும் பிரயோஜனமில்லை. நான் கேட்பது, எல்லாருக்கும் சமமாகப் பகிர்ந்துவிட வேண்டும் என்பதன்று. எவருக்கும் இவ்வளவுக்குக் கீழே போகக்கூடாது என்று ஒரு தரைமட்டத்தை நிச்சயித்துவிட்டு, அதற்கு மேலே இயந்திரம் லாபத்தை எவ்வளவு வேண்டுமானாலும் தேடட்டும் என்பதே. மேலே சொன்ன கணக்கிலேயே, மலைக்குப் பன்னிரண்டு மெகாபிட் என்று தரைமட்டம் வைத்தால், மூன்று பங்கு சக்தி அங்கே போகும். எஞ்சிய ஏழு பங்கால் நகரத்துக்கு எழுபது மெகாபிட் கிடைக்கும். இழப்பு பெரிதன்று, நியாயமோ நிலைபெறுகிறது. இரண்டாவது வாதம், இயந்திரத்துக்கு விருப்பு வெறுப்பு கிடையாதாகையால் மனிதனைவிட அதுவே நடுநிலையாகப் பங்கிடும் என்பது. விருப்பு வெறுப்பு அதற்கு இல்லை என்பது மெய். ஆனால் கொடுத்த இலக்கு அதற்கு உண்டு. அந்த இலக்கு ஒருபக்கம் சாய்ந்திருந்தால், அயராமலும் இரக்கமில்லாமலும் அந்தப் பக்கத்துக்கே அது சேவை செய்யும்.

பொது ஜனங்களுக்கு இதில் நிபந்தனை விதிக்க என்ன உரிமை என்று கேட்டால், அதற்கும் தெளிவான விடை உண்டு. வானொலி அலைவரிசைகளும் செயற்கைக்கோள் சுற்றுப்பாதைகளும் அளவுக்கு உட்பட்ட இயற்கைச் செல்வங்கள் என்றும், எல்லாத் தேசங்களும் அவற்றை நியாயமாக அடையும்படி சிக்கனமாகவும் முறையாகவும் பயன்படுத்த வேண்டும் என்றும், சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அமைப்புச் சாசனம் 44 ஆவது ஷரத்தில் கூறுகிறது. தேசங்களுக்கு இடையே பொருந்தும் நியாயம் ஒரு தேசத்துக்குள்ளே பொருந்தாமல் போகுமா? இந்தியாவில் 2023 ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், குறிப்பிட்ட செயற்கைக்கோள் சேவைகளுக்கு அலைக்கற்றையை ஏலம் விடாமல் நிர்வாக முறையில் ஒதுக்க வழி செய்திருக்கிறது. 2025 மே மாதத்தில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய் இதற்கான கட்டணத்தைப் பரிந்துரைத்தபோது, நகரவாசிகளான வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 500 ரூபாய் கூடுதலாக நிறுவனங்கள் செலுத்த வேண்டும் என்றும், கிராமவாசிகளுக்கு அது வேண்டியதில்லை என்றும் கூறிற்று. நகரத்தையும் கிராமத்தையும் வெவ்வேறாகக் கருத வேண்டும் என்ற தத்துவம் ஆக ஏற்கெனவே அந்தப் பரிந்துரையில் இடம்பெற்றதே. ஆனால் கட்டணத்தால் மட்டும் கதிர் திரும்பாது. கதிரைத் திருப்புவது இயந்திரத்தின் இலக்கு. ஏலமின்றிப் பொதுச் சொத்தைப் பெறுகிறவர்களிடம், அந்தச் சொத்தை எப்படிப் பங்கிடப் போகிறீர்கள் என்று கேட்பதற்குச் சொத்தின் உடைமையாளருக்கு முழு உரிமை உண்டு.

ஆகவே ஐந்து காரியங்கள் செய்யப்பட வேண்டும். இந்திய ஆகாயத்தில் சேவை செய்யும் உரிமம் பெறும் ஒவ்வொரு நிறுவனமும், உள்நாட்டதாயினும் வெளிநாட்டதாயினும், தன் பங்கீட்டு நெறி எதை இலக்காகக் கொண்டிருக்கிறது என்பதை அரசாங்கத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மாவட்டந்தோறும் குறைந்தது எவ்வளவு கொடுப்பது என்ற தரைமட்டம் உரிமத்திலேயே இடம்பெற வேண்டும். எந்த மாவட்டம் எவ்வளவு கேட்டது, எவ்வளவு கிடைத்தது, எத்தனை நேரம் மறுக்கப்பட்டது என்ற கணக்கு மாதந்தோறும் எல்லாரும் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும். நெறியின் உள் ரகசியம் வியாபாரச் சொத்தாக இருக்கலாம், அதன் விளைவு அப்படியிருக்கலாகாது. புயல், வெள்ளம், பூகம்பம் முதலிய ஆபத்துக் காலங்களில் இயந்திரத்தின் தீர்மானத்தை விலக்கிவிட்டு, கதிர்களைத் திருப்ப உத்தரவிடும் அதிகாரம் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதற்கு ஒத்திகையும் நடக்க வேண்டும். பழைய தொலைத்தொடர்பு சேவை நிதியின் வாரிசாக இன்று விளங்கும் டிஜிட்டல் பாரத் நிதியின் ஒரு பகுதி, தரைமட்டத்தைக் காக்கும் நிறுவனங்களுக்கு ஈடு செய்யவும், ஆன்டெனா அணிப் பலகைகளை நம் தேசத்திலேயே குறைந்த விலையில் செய்யும் ஆராய்ச்சிக்கும் போக வேண்டும். கதிர் கிராமத்தின்மேல் விழுந்தும், அதை ஏற்கும் பலகையை வாங்க முடியாமல் கிராமத்தார் இருப்பார்களாயின், மேலே செய்த பங்கீடு அனைத்தும் வீணே.

இவற்றுள் எதுவும் விஞ்ஞானத்தின் கையைக் கட்டுவதாகாது. தரைமட்டத்தை மீறாமல் லாபத்தைத் தேடும் கணக்கும், ஆபத்துக் காலத்துக்கு இடம் ஒதுக்கி வைக்கும் கணக்கும் இந்தத் துறையின் நிபுணர்களுக்குப் பழக்கமானவையே. கேட்டால் செய்து கொடுப்பார்கள், கேட்பார்தான் வேண்டும். இன்னும் பல நிறுவனங்கள் உரிமம் கேட்டு வரும் காலம் இது; நிபந்தனை எழுதுவதற்கு ஏற்ற காலமும் இதுவே. கருவி விண்ணில் ஏறி, வாடிக்கையாளர்கள் பெருகி, வழக்கம் வேரூன்றிய பிறகு மாற்றுவது எத்தனை கடினம் என்பதைத் தொலைபேசியின் சரித்திரமும் மின்சாரத்தின் சரித்திரமும் நமக்குச் சொல்லும். ஜிசாட்-என்2 செயற்கைக்கோளில் வடகிழக்கை நோக்கி எட்டுக் கதிர்களைத் திருப்பியவர்கள் ஒரு தர்மத்தை உலோகத்தில் வார்த்துவைத்தார்கள். அதே தர்மத்தை இனி வரும் இயந்திரங்களின் மதிப்பெண் விதியில் எழுதிவைக்கும் கடமை தொலைத்தொடர்புத் துறைக்கும் டிராய் ஆணையத்துக்கும் பாராளுமன்றத்துக்கும் உண்டு. எழுதினார்களா என்று விசாரிக்கும் கடமை வாக்காளர்களாகிய நம் அனைவருக்கும் உண்டு.